நூற்று மூன்றாம் லெவல் வாடிக்கையாளர்

தம்மபாலன் வீட்டில் தூக்கம் என்ற ஒன்று நின்றுபோனதற்கு முழுக் காரணமும் ஆகாசராணி டீதான். அந்த வீட்டில் இருந்ததே இரண்டு பேர். ஒரே பெண்ணை வேலூரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. மிச்சமிருந்த தம்மபாலனும் மனைவி சுலோச்சனாவும் பல் விளக்குவதற்கு முன் ஒரு டீ குடித்தார்கள், விளக்கியபின் ஒரு டீ குடித்தார்கள். கேழ்வரகுக் களிக்கு மேல் டீ குடித்தார்கள். கருவாட்டுக் குழம்புக்குப் பிறகும் டீ குடித்தார்கள். தாகம் எடுத்தால் தண்ணீர்ப் பானைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வாசலில் நின்று மணி என்ன என்று கேட்டவரையும் உள்ளே இழுத்து உட்காரவைத்து ஒரு கிளாஸ் ஊற்றிக்கொடுத்தார்கள். இதனால் அந்த லைன் வீடுகளில் குடியிருந்தவர்கள் தம்மபாலன் வாசலைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் வேகமாக நடக்கப் பழகிக்கொண்டார்கள்.

"இன்னா சுலோச்சனா, ஏரோப்ளேன் எப்ப வருது?" என்று பக்கத்து வீட்டு லூயிசா தினமும் குழாயடியில் கேட்பாள். "நம்ம லைன் மேலயே எறங்குமா, இல்ல கிரவுண்டுக்குப் போயி ஏறணுமா? சொல்லிட்டின்னா வடாம் காய வெக்காம இருப்பேன்."

"வரும் லூயிசாக்கா. வரும்போது ஒங்க வடாத்த ஓரமா தள்ளிட்டுத்தான் எறக்குவாங்க" என்பாள் சுலோச்சனா. சொல்லிவிட்டு ஒரு கொட்டாவி விடுவாள். கொட்டாவி வருமே தவிர, தூக்கம் வராது.

விஷயம் இதுதான். ஆகாசராணி டீ பாக்கெட்டின் பின்பக்கம் சின்னதாக ஒரு மகுடம் அச்சிட்டிருக்கும். அதைக் கத்தரித்துச் சேர்த்தால் விசுவாசப் புள்ளி. புள்ளிகள் சேர்ந்தால் லெவல். மொத்தம் ஐந்து லெவல். ஐந்தாவதற்குத் தங்க லெவல் என்று பெயர். அந்த லெவலை எட்டினால் பெங்களூரிலிருந்து மெட்ராஸுக்கு ஆகாய விமானத்தில் இரண்டு பேர் இலவசமாகப் போகலாம். 'விசுவாசிகளுக்கே வானம் சொந்தம்' என்று ராபர்ட்சன்பேட்டை முனையில் கம்பெனி பெரிய போர்டு வைத்திருந்தது. மகுடம் சூடிய ஒரு பெண்மணி மேகத்தின் மேல் காலை மடக்கி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பாள். போர்டின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று எழுதியிருந்தது. மேகத்தின் மேல் ஒருத்தி உட்கார்ந்திருக்கும்போது போர்டின் அடியில் யார் பார்ப்பார்கள்?

சுலோச்சனாவுக்கு விமானத்தின் மேல் ஆசை வந்தது டீயால் அல்ல. அது அவளுக்குக் கல்யாணமான புதிதில் வந்தது.

தம்மபாலன் கோலார் தங்கச் சுரங்கத்தில் டிம்பர் மேஸ்திரி. பாறை சரியாமல் மரத்தை முட்டுக்கொடுத்து நிறுத்துகிற வேலை. ஷிப்டுக்குப் போகும்போது ஆட்களை இறக்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறி நிற்பார். கூண்டு கல்லைப் போட்டமாதிரி பூமிக்குள் போய்விடும். கழுத்தில் தாலி புத்தம் புதிதாக மின்னிக்கொண்டிருந்த நாளில் சுலோச்சனா கேட்டாள்: "என்னையும் ஒருக்கா கீழ இட்டுக்கினு போங்களேன். நீங்க போற எடத்த நான் பாக்க வேணாவா?"

"பொம்பளைங்கள கீழ உட மாட்டாங்கமே. சட்டம் கீது."

"கீழ உட மாட்டாங்கன்னா மேலயாவது இட்டுக்கினு போங்க. நீங்க காலைல தரைய உட்டுட்டுப் போயிடறீங்க. ஒரு நாளு நானும் ஒங்ககூட தரைய உட்டு வரணும்."

அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேல் ஒரு விமானம் போனது. தம்மபாலன் சிரித்துக்கொண்டே கையை நீட்டி, "சரி, அதுல" என்றார். கல்யாணமான புதிதில் ஆண்கள் இப்படி நிறையச் சொல்வார்கள். பெண்கள் பெரும்பாலானவற்றை மறந்துவிட்டு ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வார்கள். எதை வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்பது சொல்லும்போது ஆண்களுக்குத் தெரிவதில்லை. தெரிந்தால் சொல்லியிருக்கமாட்டார்கள்.

வரப்போகிற வைகாசிப் பௌர்ணமியோடு கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். அன்றைக்குப் பறந்தாக வேண்டும் என்று முடிவுகட்டித்தான் இருவரும் அந்த டீயைக் குடித்தார்கள்.

மகுடங்களைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு முதல் தடவை எடுத்துக்கொண்டு போனது ராபர்ட்சன்பேட்டை ஏஜெண்ட் ஆர்தரிடம். ஆர்தரின் அப்பாவும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்தான். ஆர்தருக்கு இருட்டு பயம். அதனால் டீ ஏஜென்சி எடுத்திருந்தார். ஒரு பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மகுடமாகப் பார்த்தார். பார்த்ததில் பாதியை ஒரு பக்கமாகத் தள்ளினார்.

"இதெல்லாம் செல்லாதுங்க."

"ஏன் சார்?" என்றார் தம்மபாலன்.

"கறை கீது பாருங்க."

"இன்னா கறை?" என்று சுலோச்சனா குனிந்து பார்த்தாள்.

"டீ கறைம்மா."

"டீ பாக்கெட்டுல டீ கறை இல்லாம மீன் கறையா சார் இருக்கும்?"

"எங்கிட்ட கோவிச்சுக்காதீங்கம்மா. கம்பெனி ரூல் அப்பிடி. மகுடத்துல டீ படக்கூடாது. மகுடம்னா அதுக்கு ஒரு மரியாதை இல்லியா?"

அதற்குப் பிறகு அந்த வீட்டில் டீ பாக்கெட்டைப் பிரிப்பது ஓர் ஆபரேஷன் போலவே நடந்தது. சுலோச்சனா கைகழுவித் துடைத்துக்கொண்டு கத்தரியை எடுப்பாள். தம்மபாலன் மூச்சை அடக்கிக்கொண்டு பாக்கெட்டைப் பிடித்துக்கொள்வார். மகுடம் தனியாக வந்தபிறகுதான் அடுப்பில் தண்ணீர் ஏறும். சுரங்கத்தில் எத்தனை பாறைக்கு முட்டுக்கொடுத்திருக்கிறார் தம்மபாலன்! அங்கெல்லாம் நடுங்காத கை இங்கே நடுங்கியது.

நடுங்கியதற்கு டீயும் ஒரு காரணம். கண் இமை ஒட்டாமல் புரண்டு புரண்டு படுப்பார். இந்தப் பக்கம் திரும்பினால் சுலோச்சனா கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பாள். "தூங்கலியா?" "இல்ல. நீங்க?" "இல்ல. ஒரு டீ போடட்டா?" என்று எழுந்துவிடுவாள். பகலிலும் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. கொடியில் காய்கிற துணியை எடுத்து மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி காயப்போடுவாள். ஷிப்டு பாஸ் ஒரு நாள் தம்மபாலனைக் கூப்பிட்டு, "இன்னாய்யா, மரத்தை எண்ணிக்கினே நடக்கற?" என்று கேட்டார். தம்மபாலன் எண்ணியது மரத்தை அல்ல.

கறைபடாத மகுடங்கள் தங்க லெவலுக்குப் போதுமான அளவு சேர்ந்தபோது மாசி முடிந்துவிட்டது. இருவரும் சலவைத்துணி உடுத்திக்கொண்டு ஆர்தரிடம் போனார்கள்.

"வைகாசிப் பௌர்ணமிக்கு ரெண்டு டிக்கெட் சார்" என்றார் தம்மபாலன்.

ஆர்தர் கம்பெனியின் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "பௌர்ணமி லீவு நாளுங்க. லீவு நாள்ல விசுவாசப் புள்ளி செல்லாது. அதுக்கு முந்தின நாளும் செல்லாது. பிந்தின நாளும் செல்லாது. சனி, ஞாயிறு, மழை நாளு, மழை வரமாதிரி கீற நாளு..."

"மிச்சம் இருக்கற நாள்ல குடுங்க."

"மிச்சம் இருக்கற நாள்ல ப்ளேன் கெடையாதுங்க."

சுலோச்சனா ஆர்தரைப் பார்த்தாள். ஆர்தர் விதிப் புத்தகத்தைப் பார்த்தார்.

"இன்னொண்ணு கீதும்மா" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "இந்தப் புள்ளி ஏறறதுக்கு மட்டுந்தான். எறங்கறதுக்குத் தனியா சேக்கணும்."

"இன்னா சார் சொல்றீங்க? ஏறுனா எறங்கித்தான ஆவணும்?"

"அது விருப்பத்தைப் பொறுத்ததுன்னு போட்டுக்கீறாங்க."

தம்மபாலனுக்கு இது ஓரளவு புரிந்தது. சுரங்கத்திலும் இறங்குவதற்கு ஒரு நேரம், ஏறுவதற்கு ஒரு நேரம் உண்டு. ஆனால் இறங்கினவனை ஏற்றமாட்டோம் என்று அங்கே யாரும் சொன்னதில்லை.

ஆர்தர் நல்ல மனிதர். அவர்கள் முகத்தைப் பார்த்து, "பெங்களூர் ஹெட் ஆபீசுக்கே எழுதிப் பாப்போம். அங்க விசுவாசப் பிரிவுன்னே ஒண்ணு கீது" என்று ஒரு விண்ணப்பத்தை எடுத்தார். பெயர் எழுதினார். ஊர் எழுதினார். "அய்யா, எந்த லெவல்ல கீறீங்கன்னு கேட்டுக்கீறாங்க."

"நூத்தி மூணு" என்றார் தம்மபாலன்.

ஆர்தர் நூற்று மூன்று என்று எழுதினார்.

இதில் இரண்டு பேருக்குமே சந்தேகம் வரவில்லை. வெளியூர்க்காரர்களுக்குத்தான் விளக்க வேண்டும். கோலார் தங்க வயலில் லெவல் என்றால் சுரங்கத்துக்குள் இருக்கிற அடுக்கு. தரைக்குக் கீழே முதல் லெவல், அதற்குக் கீழே இரண்டாவது. எண் கூடக்கூட ஆழமும் அனலும் கூடும். ஒருவனைப் பார்த்து எந்த லெவல் என்று கேட்டால் அவன் எவ்வளவு ஆழத்தில் வேலை செய்கிறான் என்று பொருள். தம்மபாலன் நூற்று மூன்றில் இருந்தார். உண்மையைச் சொன்னார். ஆர்தருக்கும் காதில் அப்படித்தான் விழுந்தது, பிறந்த நாள் முதல் விழுந்த மாதிரியே.

பெங்களூரில் அந்த விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததும் விசுவாசப் பிரிவு எழுந்து நின்றுவிட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள். அதுவரை ஆர்தர் வழியாக வந்த கடிதங்களெல்லாம் 'திரு' என்று தொடங்கும். இந்தத் தடவை நேராக வீட்டுக்கே வந்தது. 'மாட்சிமை பொருந்திய விசுவாசி அவர்களுக்கு' என்று தொடங்கியது. வைகாசிப் பௌர்ணமியன்று காலையில் துணைவியாருடன் தலைமை அலுவலகத்துக்கு எழுந்தருள வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பௌர்ணமி லீவு நாளாச்சே" என்றார் தம்மபாலன்.

"பறக்கறதுக்குத்தான் லீவு. கூப்புடறதுக்கு இல்லபோல" என்றாள் சுலோச்சனா. சொல்லும்போதே பெட்டியிலிருந்து கல்யாணப் புடவையை எடுத்துவிட்டாள்.

தலைமை அலுவலகத்தில் காத்திருக்கும் அறை லெவல்படி அமைந்திருந்தது. முதல் லெவலுக்கு மரபெஞ்சு. இரண்டாவதற்கு முதுகு வைத்த பெஞ்சு. அப்புறம் பிரம்பு நாற்காலி, மெத்தை நாற்காலி. தங்க லெவலுக்குச் சிவப்பு வெல்வெட் சோபா. அதில் யாரும் உட்கார்ந்த அடையாளமே இல்லை. நூற்று மூன்றாம் லெவலுக்கு என்ன ஆசனம் போடுவது என்று அலுவலகத்தாருக்குத் தெரியவில்லை. சோபா அவமரியாதையாகிவிடும் என்று பயந்தார்கள். ஆகவே தம்மபாலனையும் சுலோச்சனாவையும் கடைசிவரை நிற்கவைத்தார்கள்.

பிரிவின் தலைவர் சௌந்தரராஜன் கைகூப்பிக்கொண்டே வந்தார். கோட்டுப் பையில் ஒரு சின்னத் தங்க மகுடம் குத்தியிருந்தார். நின்றவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசவே ஆரம்பித்துவிட்டார்.

"விசுவாசம் என்பது என்ன? எங்கள் டீயை வாங்குவதா? அதை எவனும் செய்வான். வாங்கியதற்குப் பலன் கேட்காமல் மேலும் மேலும் வாங்குவதுதான் விசுவாசம். பலன் கேட்டுவிட்டால் அது வியாபாரமாகிவிடுகிறது. இந்தத் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை எங்கள் வாடிக்கையாளரில் ஒருவர்கூடப் பறக்கவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். அவ்வளவு உறுதியானது அவர்களுடைய விசுவாசம்! வானம் அப்படியே இருக்கிறது, ஒரு கீறல்கூட விழாமல்."

பின்னால் நின்ற இரண்டு குமாஸ்தாக்கள் கைதட்டினார்கள். தம்மபாலனும் தட்டினார். சுலோச்சனா தட்டவில்லை.

"ஐந்தாம் லெவலுக்கே இதுவரை எவரும் வந்ததில்லை" என்றார் சௌந்தரராஜன், நெகிழ்ந்துபோய். "தாங்கள் நூற்று மூன்று. அந்த உயரத்தில் எப்படி இருக்கும் என்று எங்களைப் போன்றவர்களுக்குச் சொல்லக்கூடாதா?"

"ரொம்ப அனலுங்க சார். சட்டை போட முடியாது."

"எவ்வளவு எளிமை!" என்று குமாஸ்தாக்களிடம் திரும்பினார் அவர். "எழுதிக்கொள்ளுங்கள். தங்கத்தையெல்லாம் தாண்டித்தானே போயிருப்பீர்கள்?"

"தாண்டலீங்க. தங்கம் அங்கதான கீது. அதத்தான் எடுக்கறோம்."

"ஆகா. ஆரம்பத்திலிருந்தே இதே லெவலா?"

"இல்ல சார். மொதல்ல அறுபதுல இருந்தேன். அப்பால கொஞ்சம் கொஞ்சமா எறக்குனாங்க."

"ஏற்றினார்கள் என்று சொல்லுங்கள்."

"எறக்குனாங்க சார். கேஜுல."

எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா பேனாவை நிறுத்தினான்.

"கீழேயா?" என்றார் சௌந்தரராஜன்.

"கீழதான். பூமிக்குள்ளாற."

சௌந்தரராஜன் முகத்தில் முதலில் அதிர்ச்சி வந்தது. அப்புறம் நிம்மதி வந்தது. விதிப் புத்தகத்துக்குள் அடங்காத ஓர் ஆள் மறுபடி அடங்கிவிட்டதில் வந்த நிம்மதி. பேசும்போது கைகள் கூப்பியிருக்கவில்லை.

"எங்கள் திட்டம் வானத்தைச் சேர்ந்தது. வானம் மேலே இருக்கிறது. நீர் அதற்கு நேர் எதிர்த்திசையில் நூற்று மூன்று லெவல் போயிருக்கிறீர். அதைக் கழித்தல் குறி போட்டுத்தான் எழுத முடியும்."

"நாங்க குடிச்ச டீ சார்?"

"கம்பெனி யாருடைய டீயையும் மறக்காது. அதற்கு ஐந்து லெவல் கூட்டிக்கொள்ளலாம். ஆகமொத்தம் இப்போது தொண்ணூற்றெட்டாம் லெவலில், தரைக்கு அடியில் இருக்கிறீர். இதே வேகத்தில் குடித்துக்கொண்டிருந்தால் உம்முடைய பேரன் காலத்தில் தரைக்கு வந்துவிடலாம். தரைக்கு வந்துவிட்டால் அப்புறம் விமானத்தைப் பற்றிப் பேசலாம்."

தம்மபாலன் காலடியில் பார்த்தார். தரை இருந்தது. நன்றாகப் பாலிஷ் போட்ட தரை. இருந்தாலும் ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

சுலோச்சனா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "சார், நான் ஒண்ணு சொல்லட்டுமா? இவரு தெனமும் ஷிப்டு முடிஞ்சா மேல வந்துடறாரு. சோறு ஆறறதுக்குள்ளாற ஊட்ல வந்து ஒக்காந்துடறாரு. அதுக்கு நாங்க ஒரு கிளாஸ் டீகூட யாருக்கும் ஊத்தறதில்ல. ஒங்க கம்பெனிக்கு மட்டும் ஏன் சார் இத்தினி நாளு ஆவுது?"

குமாஸ்தாக்களில் ஒருவன் சிரித்துவிட்டு இருமலாக மாற்றினான். சௌந்தரராஜன் அவளை இப்போதுதான் பார்த்தார்.

"அம்மா எந்த லெவல்?"

"நான் தரையிலதான் கீறேன்."

"கழித்தல் எதுவும் இல்லையா?" அவர் விதிப் புத்தகத்தை வேகமாகப் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. வைத்த பரிசை ஒருவராவது வாங்கினார் என்று ஒரு படம் பத்திரிகையில் வந்தால் நல்லது என்று அவருக்கும் மேலே இருப்பவர்கள் நினைத்திருக்கவேண்டும். "கணவர் சேர்த்த புள்ளிகளை மனைவி பெயருக்கு மாற்ற இடமிருக்கிறது. அம்மாவை மட்டும் அனுப்பலாம். இன்றே அனுப்பலாம். லீவு நாளையும் தளர்த்திக்கொள்கிறேன். படம் எடுக்க ஆள் இருக்கிறார்."

தம்மபாலன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். இருபத்தைந்து வருஷமாக அவள் எடுத்து வைத்திருந்தது இதோ, கைநீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருந்தது.

"போயிட்டு வாமே" என்றார். "நான் கீழ நின்னு பாத்துக்கினு இருக்கேன். பரவால்ல."

சுலோச்சனா அவரையே கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் வந்தது சிரிப்பு.

"இவரு கீழ, நான் மேல" என்றாள். "அது எங்க ஊட்ல தெனமும் நடக்குது சார். அதுக்கு ஏரோப்ளேன் எதுக்கு? வாங்க, போலாம்."

"டீயாவது சாப்பிட்டுப் போங்கள்" என்றார் சௌந்தரராஜன், அவர் தொழிலை மறக்காதவர்.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் "வேணாம்" என்றார்கள். அந்த ஒரு சொல்லை இருவரும் சேர்ந்து சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அன்று முழுக்க அவர்கள் டீ குடிக்கவில்லை. கப்பன் பார்க்கில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தைச் சாப்பிட்டார்கள். குழாய்த் தண்ணீர் குடித்தார்கள். தண்ணீர் இவ்வளவு ருசியாக இருக்கும் என்பதை மறந்தே போயிருந்தார்கள். பொழுது சாய்ந்தபோது ரயில் ஏறினார்கள். பங்கார்பேட்டையில் இறங்கி மாரிகுப்பம் போகிற கிளை வண்டியில் மாறி உட்கார்ந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பௌர்ணமி நிலா மேலேறிக்கொண்டிருந்தது.

"கோவமாமே?" என்றார் தம்மபாலன்.

"ஒங்க மேல எதுக்குக் கோவம்?"

"சொன்னேனே, அதுல இட்டுக்கினு போறேன்னு."

"சொன்னீங்க. அந்த வாயால ரெண்டு டிக்கெட்டுன்னு கேட்டீங்க இல்ல? ஒரு டிக்கெட்டுன்னு கேக்கல." அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். "கொஞ்சம் கண்ண மூடிக்கறேன். ஊர் வந்தா எழுப்புங்க."

எழுப்புகிறேன் என்று அவர் சொன்னாரா, சொல்ல நினைத்தாரா என்பது தெரியாது.

யாரோ தோளைத் தட்டினார்கள். கண்ணைத் திறந்தால் எதிரே ரயில் கார்டு நின்றிருந்தார், கையில் விளக்கோடு.

"அய்யா, எந்திரிங்க. பங்கார்பேட்டை."

"பங்கார்பேட்டையா? நாங்க மாரிகுப்பம் போவணும் சார். வண்டி இன்னும் கெளம்பலியா?"

"கெளம்பி, மாரிகுப்பம் போயி, அங்க நின்னு, திரும்பி வந்தும் ஆச்சுங்க."

தம்மபாலன் திகைத்துப்போனார். "கடைசி ஸ்டேஷனாச்சே. ஒருத்தரும் எழுப்பலியா?"

"நான் எழுப்பத்தான் வந்தேன். ஒங்க லைன் அம்மா ஒருத்தங்க, இதே வண்டில வந்தவங்க, லூயிசான்னாங்க, அவங்க உடல. 'ஒரு வருசமா தூங்காத ஜனங்க, கைய வெச்சீங்கன்னா பாருங்க'ன்னு வண்டி வாசல்ல நின்னு சண்டைக்கே வந்துட்டாங்க. வண்டில இருந்த ஜனமெல்லாம் சத்தமில்லாம எறங்கிப் போச்சுய்யா."

சுலோச்சனா எழுந்து கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். முகம் கழுவி விட்டதுபோல் தெளிந்திருந்தது. "திரும்பி வந்ததுக்கு எங்ககிட்ட டிக்கெட் இல்லியே சார். எத்தினி புள்ளி ஆவும்?"

"இன்னா புள்ளி?" என்றார் கார்டு. "அப்படியே ஒக்காருங்கம்மா. வண்டி மறுபடி அங்கதான் போவுது."

அவர் விளக்கை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். தம்மபாலன் இன்னும் நம்பமுடியாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அவர் தூங்கப் போகும்போது மரத்தின் உச்சியில் இருந்த நிலா இப்போது நடு ஆகாயத்துக்கு வந்திருந்தது.

"போயிட்டு வந்துட்டோம்மே" என்றார் மெதுவாக. "காசில்லாம."

"ஆமாங்க." அவள் அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஏறுனதும் தெரில, எறங்குனதும் தெரில. ஒண்ணாத்தான் போனோம்."

பிளாட்பாரத்தின் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது: "டீய்... சூடா டீய்... ஆகாசராணி டீய்..."

இரண்டு பேரும் எட்டி ஜன்னல் பலகையை இறக்கி மூடினார்கள்.